இல்லாத மாடியில் குடியிருந்தவர்

திருத்தணி தாலுகா ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், பாஸ்போர்ட் என்று ஆன்லைனில் எதைப் பதிவு செய்ய வேண்டுமானாலும், கே.ஜி.கண்டிகையிலிருந்தும் பொதட்டூர்பேட்டையிலிருந்தும் பஸ் ஏறி என்னிடம்தான் வருவார்கள். ஒரு காகிதம் குறைந்தாலும் அவர்களை நான் படுத்துகிற பாட்டை அதிகாரிகள்கூடப் படுத்தமாட்டார்கள். "இது இல்லாம எப்டிம்மா வந்தீங்க? பீரோவ தொறந்து பாக்கவே மாட்டீங்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவேன். பஸ் ஏறி வந்தவர்கள் மறுபடி பஸ் ஏறிப் போவார்கள்.

இப்படிப்பட்டவனுடைய வீட்டு மாடி அரசாங்கக் கணக்கில் இல்லை.

கட்டும்போது தரைத்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கினேன். இரண்டு அறை, சமையல்கட்டு, குளியலறை என்று மாடி பிறகு எழும்பியது. நகராட்சிக்கு ஒரு விண்ணப்பம் எழுதி அதற்கும் வரி போடச் சொல்லியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் விண்ணப்பம் எழுதுகிறவன் அதை மட்டும் எழுதவில்லை. எங்கள் தெருவில் யாருமே எழுதவில்லை. மலைக்குப் படியேறுகிறவர்கள் மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்த்தால், எங்கள் மாடிகளும் அவற்றில் காயும் துணிகளும் வரிசையாகத் தெரியும். பதிவேட்டில் மட்டும் தெரு மொத்தமும் ஒரே உயரம்.

அந்த மாடிக்குத்தான் கொரியாக்காரர் குடிவந்தார். ஆந்திர எல்லைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். நாற்பது வயதிருக்கும். ஒரு வருஷம் கம்பெனி விடுதியில் இருந்துவிட்டார். அடுத்த பள்ளிக்கூடத் திறப்புக்குள் மனைவியையும் ஒன்பது வயது மகளையும் அழைத்துக்கொள்ள வேண்டும், அதற்கு ஒரு வீடு வேண்டும் என்று தேடியபோது, கம்பெனி வேன் டிரைவர் என்னிடம் கொண்டுவந்து விட்டார். என்னை அண்ணா என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்ததும் அந்த டிரைவர்தான். கொரியாக்காரர் உடைந்த ஆங்கிலத்தில் பேசி, நடுநடுவே தமிழைத் தூவுவார்.

வந்த அன்றே தெரு அவரைச் சைனாக்காரர் ஆக்கிவிட்டது. கொரியா வேறு, சைனா வேறு என்று நான் விளக்கியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எதிர்வீட்டு லாரி ஓனர் என்னை மச்சான் முறையில் பாவா என்று கூப்பிடுகிற உரிமைக்காரர். வாசலில் நின்றே கேட்டார்.

"இன்னா பாவா, வூட்ட சைனாக்காரனுக்கு வுட்டுட்ட. இன்னாத்த ஆக்கித் துன்னப் போறானோ, தெருவே நாறப் போவுது."

"ஒங்க வூட்டு கருவாட்டுக்கு மேலயா அண்ணா நாறிடும்?" என்று உள்ளிருந்து என் மனைவி கேட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

குடிவைக்கும் முன் அவரிடம் நான் கேட்காத காகிதம் இல்லை. பாஸ்போர்ட் நகல், விசா நகல், கம்பெனிக் கடிதம், புகைப்படம். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூன்று மூன்று பிரதியாக நீட்டினார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. வழக்கமான பதினோரு மாத ஒப்பந்தத்தை நீட்டினேன். நம் ஆட்கள் கையெழுத்து போடும் இடத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். இவர் செல்போனில் மொழிபெயர்த்து வரிவரியாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணா, மாடிக்கு நம்பர் எங்கே?"

"கீழ் வீட்டு நம்பரே மாடிக்கும்."

அவருக்குப் புரியவில்லை. சிரித்துச் சமாளித்துக் கையெழுத்தை வாங்கிவிட்டேன்.

வெளிநாட்டுக்காரரைக் குடிவைத்தால் ஒரே நாளுக்குள் வீட்டுக்காரர் ஆன்லைனில் சி ஃபார்ம் என்று ஒன்றை அனுப்ப வேண்டும். எனக்குத் தெரியாததல்ல. ஊரில் உள்ள லாட்ஜுக்காரர்களுக்கு நானே அனுப்பிக் கொடுத்திருக்கிறேன். அன்று மாலை கடையில் அதைத் திறந்தேன். வீட்டின் விவரம் என்ற இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. குடியிருப்பது எந்தத் தளம் என்று நாளைக்கு யாராவது கேட்டால்? மூடிவிட்டேன். அவரிடம் அனுப்பிவிட்டதாகச் சொன்னேன்.

இதே சமயத்தில் ஜெர்மனியில் என் மகன் ஒரு கிழவரின் மாடியில் மாட்டிக்கொண்டிருந்தான். அங்கே வீட்டுக்காரர் ஒரு தாளில் கையெழுத்து போட்டுக் கொடுத்தால்தான் முகவரியைப் பதிவு செய்ய முடியுமாம். அது இல்லாவிட்டால் மருமகளுக்கு விசா நகராது. கிழவர் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தார். டீக்கடையில், ரயில்வே ஸ்டேஷனில், கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அவரை நான் திட்டித் தீர்த்தேன். "ஒரு கையெழுத்துப்பா! போட்டா கிழவனுக்கு விரல் தேஞ்சிடுமா? வெள்ளக்காரன் வெள்ளக்காரன்றோம், மனுஷத்தனம் இல்லயே!" ஒரு நாள் மாடிப்படியில் வைத்துக் கொரியாக்காரரிடமும் புலம்பினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் தோளைத் தொட்டார்.

"கஷ்டம், அண்ணா. பிள்ளை கஷ்டம்," என்றார்.

அவர் சமையலறைச் சுவரில் மகள் அனுப்பிய படம் ஒன்று ஒட்டியிருந்தது. வீடியோ காலில் பார்த்ததை வைத்து அந்தக் குழந்தை வரைந்தது. பின்னால் படிகளோடு மலை, முன்னால் எங்கள் வீடு. மாடியில் மூன்று பேர் கை ஆட்டுகிறார்கள். கீழே மீசையோடு ஒருவன் நிற்கிறான், அது நான். மீசையைக் கொஞ்சம் அதிகமாகவே போட்டிருந்தாள். அவர் அதைக் காட்டிக் காட்டி எந்த அறை அவளுக்கு, மேசை எங்கே, கட்டில் எங்கே என்று விளக்குவார்.

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு மாதம் இருந்தபோது கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மனைவி, மகள் விசாவுக்கு அவருடைய முகவரி பதிவாகியிருக்க வேண்டும். வீட்டு வரி ரசீது வேண்டும். போலீஸ் வந்து வீட்டைப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போய்த் தூங்கினார். அண்ணாவின் தொழிலே இதுதானே என்று நினைத்திருப்பார்.

நான் ஒரு யோசனை பண்ணினேன். இத்தனை வருஷக் கடை அனுபவத்தில் எனக்கு உதித்ததிலேயே கேவலமான யோசனை அதுதான். வரி ரசீது தரைத்தளத்துக்கு இருக்கிறது. எனவே அவர் தரைத்தளத்தில் குடியிருப்பதாகக் காட்டிவிட வேண்டியது. போலீஸ் வரும் அன்று காலை மட்டும் அவர் கீழே, நாங்கள் மேலே.

"அப்ப நாம எங்க குடியிருக்கோம்னு எழுதுவீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"நம்மள யாரு கேக்கப் போறாங்க?"

"வாஸ்தவம். நமக்குத்தான் காகிதமே வேணாமே."

சாமான் இடம் மாறும் வேலை விடியற்காலையிலேயே தொடங்கியது. அவருடைய ரைஸ் குக்கர் எங்கள் அடுப்பு மேடைக்கு வந்தது. அவருடைய முட்டைக்கோஸ் ஊறுகாய் ஜாடி எங்கள் ஃபிரிட்ஜுக்குள் நுழைந்தது, அந்த வாசனை இன்னும் முழுதாகப் போகவில்லை. முருகன் படத்தை எடுக்கக்கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். கல்யாணப் போட்டோவை மட்டும் காலண்டர் போட்டு மறைத்தேன். இதெல்லாம் எதற்கு என்று அவர் கேட்டபோது, "இங்க வழக்கம்" என்று சொன்னேன். வெளிநாட்டுக்காரர்களிடம் இந்த ஒரு பதில் எல்லாவற்றுக்கும் செல்லும். தன் பங்குக்கு அவரும் ஏதாவது கொண்டுவர வேண்டுமே என்று, மகள் வரைந்த படத்தைப் பத்திரமாக உரித்து வந்து எங்கள் கூடத்துச் சுவரில் ஒட்டினார்.

வந்தவர் புதிதாக மாற்றலாகி வந்த பெண் எஸ்.ஐ. வீட்டு ஓனராக நான் பக்கத்தில் நின்றேன், மனைவி மேலே இருந்தாள். எஸ்.ஐ. சுற்றிப் பார்த்தார். கொடியில் தொங்கிய புடவையைப் பார்த்தார். காலண்டருக்கு வெளியே தெரிந்த போட்டோவின் ஓரத்தையும் அதிலிருந்த கல்யாண மாலையையும் பார்த்தார். பிறகு அந்தப் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"யாரு வரைஞ்சது சார்?"

"மை டாட்டர்," என்றார் அவர். முகம் மலர்ந்துவிட்டது.

"மாடியில நிக்கறது யாரு?"

அவர் விரல் வைத்துக் காட்டினார். இது மனைவி, இது மகள், இது நான்.

"அப்ப நீங்க இருக்கறது மேலயா, கீழயா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணா?" என்று மட்டும் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நேரம் நடந்தது வழக்கம் அல்ல என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். காது சிவந்துவிட்டது. பிறகு எஸ்.ஐ.யிடம் நிமிர்ந்து, தமிழிலேயே சொன்னார்.

"மேலே. நான் மேலே."

அந்தப் பெண் கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "சார், ஊருக்கே எழுதிக் குடுக்கறீங்க. ஒங்க மாடிக்கு ஒரு மனு எழுதி வரி போட்டு ரசீது வாங்கிட்டு வாங்க. சி ஃபார்மும் இன்னும் வரல, அதையும் அனுப்பிடுங்க, லேட்டானதுக்கு இன்னா உண்டோ கட்டிடலாம். ரசீது வந்த அன்னிக்கே நான் கையெழுத்து போட்டு அனுப்பறேன். பாவம், கொழந்த வரணும் இல்ல," என்றார். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே மனுவை அடித்தேன். பத்து நிமிஷ வேலை. பிரிண்ட் எடுத்துக் கையெழுத்தும் போட்டேன். மறுநாள் காலை எதிர்வீட்டுக்காரர் இன்னும் நாலைந்து பேரோடு கடைக்கு வந்து நின்றார்.

"பாவா, ஒன் மாடிய அளக்க வர்றவன் என் மாடிய பாத்துகினே சும்மா போயிடுவானா? எனக்கு ரெண்டு மாடி கீது, தெரியுமில்ல? அந்த சைனாக்காரன் இன்னிக்கு இருப்பான், நாளைக்கு மூட்டைய கட்டிகினு போய்டுவான். தெருவுல நாமதான் இருக்கணும்."

அவரை எதிர்த்து நான் ஏதோ சொன்னதாக எழுத ஆசைதான். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அவர்கள் வந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. என் பயத்துக்குத் தெருவின் பெயரை வைத்துக்கொள்ளலாம். மனுவை மேசை டிராயரில் போட்டு மூடினேன்.

அதன் பிறகு கொரியாக்காரர் தினமும் காலை வேனுக்குப் போகும்போது கடை வாசலில் ஒரு நிமிஷம் நிற்பார். "அண்ணா, ரசீது?" நான் சர்வர் டவுன் என்பேன். ஆபீசர் லீவு என்பேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டம், எல்லோருக்கும் பந்தோபஸ்து வேலை என்றுகூடச் சொன்னேன், ஆடிக்கு இன்னும் நாள் இருக்கும்போதே. எல்லாவற்றையும் நம்பினார், அல்லது நம்புகிற மாதிரி தலையாட்டினார். பள்ளிக்கூடம் திறந்தது. யூனிபார்மில் பிள்ளைகள் கடையைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு ஒரு காலை நின்றவர், அன்று எதையும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் சாவியோடு வந்தார். தொழிற்சாலைப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு பார்த்துவிட்டாராம், அங்கே எல்லாத் தளத்துக்கும் நம்பர் இருக்கிறதாம். மகளுக்கு இந்த வருஷம் முடியாது, அடுத்த வருஷம் என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு என்னவோ செய்தது. என்னிடம் ஒரே ஒரு தாளை நீட்டினார். இன்ன தேதியில் என் வீட்டு மாடியைக் காலி செய்துவிட்டார் என்று நான் எழுதித் தர வேண்டுமாம்.

உடனே எழுதிக் கொடுத்தேன். அவர் இருக்கிறார் என்று மாதக்கணக்கில் போட முடியாத கையெழுத்தை, போய்விட்டார் என்று அரை நிமிஷத்தில் போட்டேன். டிராயரில் கிடக்கும் மனுவை விட்டால், என் மாடியைப் பற்றி உலகத்தில் இருக்கும் ஒரே காகிதம் இன்றைக்கும் அதுதான். கும்பிட்டுவிட்டு, "வரேன் அண்ணா," என்று சொல்லிப் போனார். மேலே ஏறிப் பார்த்தேன். துடைத்துவிட்டிருந்தார். சமையலறைச் சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து மகன் வீடியோ காலில் வந்தான். மருமகளுக்கு விசா வந்துவிட்டது என்று முகமெல்லாம் சிரிப்பு. மனைவி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்தக் கிழவன் ஒரு வழியா கையெழுத்து போட்டானா?" என்றேன்.

"அவர அப்டி சொல்லாதப்பா. அவரு வீட்டு மாடி ரூமு ரிக்கார்டுலயே இல்லயாம். அதான் இத்தன நாளா சொல்லாம முழுங்கிகினு இருந்தாரு. போன வாரம் கைத்தடிய ஊனிகினு என்கூட ஆபீசுக்கு வந்தாரு. தப்பு என்னுதுதான், பையன் மேல ஒண்ணும் இல்லன்னு அவங்க கிட்ட சொல்லிட்டு, அபராதமும் கட்டிட்டாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சிப்பா."

போனைப் பிடித்திருந்த கை தாழ்ந்து, திரையில் மகனுக்கு எங்கள் கூரைதான் தெரிந்திருக்கும். "அப்பா? லைன்ல கீறியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மனைவி கீரையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"ஆங், இருக்காரு. அந்தக் கிழவர திட்டணும்னு சொல்லிகினு இருந்தாரு," என்றாள். "திட்டுங்க."