திருச்சுழி சாலையில் குதிரைவாலி

அருப்புக்கோட்டை தாண்டித் திருச்சுழி சாலையில் டிரெய்லரை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பின்னால் சோலார் பண்ணைக்குப் போகும் டிரான்ஸ்ஃபார்மர். விடியலிலிருந்து ஓட்டிய அலுப்பில் கண் எரிகிறது. எதிரே சாலை முழுக்கக் குதிரைவாலிக் கதிரைப் பரப்பி, நடுவில் ஓர் அக்கா கிளறிக்கொண்டிருக்கிறார். கதிர்த்தாள்மேல் பிரேக்கை மிதித்தால் சக்கரம் வழுக்கி டிரெய்லர் குறுக்கே திரும்பிவிடும்.

எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடுகிறேன். இன்ஜின் உறுமி வேகத்தைக் குறைக்கிறது. ஆக்சிலேட்டரை லேசாகத் தட்டித் தட்டி, உலுக்கல் இல்லாமல் ஒவ்வொரு கியராக இறக்குகிறேன். கதிருக்கு முன்னாலேயே வண்டி நின்றுவிடுகிறது.

“ஏந்தம்பி நிக்கிற? மேல ஏத்து! மழைக்குள்ள மணி உதிரணும்ல. காலையிலருந்து வெறும் பைக்காத்தான் வருது.”

மெதுவாக ஏற்றிக் கடக்கிறேன். அக்கா ஒரு பிடி அள்ளிக் கசக்கி ஊதிப் பார்க்கிறார்.

“பாதிதான் உதிர்ந்திருக்கு. பின்னாடி வந்து இன்னொருக்க ஏத்து.”

“டிரெய்லர ரிவர்ஸ் எடுக்கிறது லேசு இல்லக்கா. பின்னால பாத்துச் சொல்ல ஆளும் இல்ல.”

தெற்கே வானம் கறுத்து வருகிறது. கண்ணாடியில் பார்க்கிறேன். அதற்குள் அக்கா டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்று தலைத்துண்டை வீசிச் சைகை காட்டுகிறார்.

“வரட்டும், வரட்டும்! எங்க வீட்டு ஆளு மாதிரி முழிக்காம வா!”