மிஸ் சொன்ன விதி

பிளஸ் ஒன் சேர்ந்ததும் என் பெண்ணைக் கல்மண்டபத்தில் ஒரு டியூஷனுக்கு அனுப்பினேன். அதுவரை எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவாள். பதில் தெரியாவிட்டால் நானே ஏதாவது அடித்துவிடுவேன், அவளும் நம்புவாள். டியூஷன் போன ஒரே வாரத்தில் திருவொற்றியூரில் எங்கள் வீடு முழுக்க மிஸ் பேச்சாகிவிட்டது. மிஸ் இப்படித்தான் தலை பின்னுவாங்க, மிஸ் டீயில சர்க்கரை போட மாட்டாங்க. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு சாயங்காலம் இயற்பியல் பாடத்தோடு உட்கார்ந்திருந்தாள். கருதுகோள், கோட்பாடு, விதி என்று மூன்று வார்த்தைகள். கேட்காமலே நான் போய் விளக்கினேன். எண்ணூரில் ஒரு கம்பெனியில் பல வருஷமாகக் காண்ட்ராக்டில் இருப்பவள் நான். எனக்குத் தெரிந்த கணக்கு அதுதான்.

"கருதுகோள்னா காண்ட்ராக்ட் ஆளு. நல்லா வேலை செஞ்சா டெம்பரரி ஆவான், அது கோட்பாடு. அப்பால பர்மனென்ட். அதான் விதி."

சிரித்துவிட்டாள். "இன்னாமா நீ! கோட்பாடு எப்பவும் விதி ஆவாதுன்னு மிஸ் சொன்னாங்க. ரெண்டும் வேற வேற வேலை. வெயில்ல லாரி டயர் சூடானா உள்ள பிரஷர் எவ்ளோ ஏறும்னு விதி சொல்லும். ஏன் ஏறுதுன்னு கோட்பாடு சொல்லும், உள்ள கீற காத்துத் துகள்லாம் வேகமா ஓடி டயர்ல முட்டுதுன்னு. கருதுகோள்னா சோதிச்சுப் பாக்கறதுக்காக வெக்கிற யூகம்."

நன்றாகப் புரிந்தது. அதுதான் இன்னும் எரிச்சல். காண்ட்ராக்ட் பர்மனென்ட் ஆகவே ஆகாது என்று எவளோ என் வீட்டுக்குள் வந்து சொல்லிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

சரி, நானும் ஒரு கருதுகோள் வைத்தேன்: அந்த மிஸ் என் பெண்ணை மயக்கி வைத்திருக்கிறாள். சோதித்தும் பார்த்தேன். டியூஷன் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, டியூஷனை மறக்கிறாளா பார்க்கலாம் என்று அவளுக்கு உயிரான நெத்திலியை மொறுமொறுவென்று வறுத்து வைத்தேன். பாதியைத் தின்றாள். மீதியை டப்பாவில் போட்டு மூடினாள்.

"மிஸ்ஸுக்கும்மா. ஹாஸ்டல் சாப்பாடு வாயில வெக்க முடியலியாம்."

சாயங்காலம் டப்பா கழுவித் திரும்பி வந்தது. என் கைப்பக்குவம் சூப்பர் என்று மிஸ் சொன்னாளாம். அவள் பாராட்டு யாருக்கு வேண்டும்?

முழுப் பரீட்சைக்கு முன்னால் மிஸ் டியூஷனை விட்டே நின்றுவிட்டாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, போனும் எடுக்கவில்லை. என் பெண் பையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். பொய் சொல்வானேன், எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினேன்.

"இன்னாடி பண்றது, எல்லாம் விதி."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "விதி இன்னா நடக்கும்னுதாம்மா சொல்லும். ஏன்னு சொல்லாது." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஏம்மா எங்கிட்டகூட சொல்லாம போனாங்க?"

எத்தனையோ மாதம் கழித்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். அவள் பையைக் கழற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன். மிஸ்ஸாக இருந்தால் இதற்கும் பதில் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது.