படிக்காமல் போட்ட கையெழுத்து

என் மாமனார் இரும்புக் குண்டை வீசுவதற்கு முன் அதைக் கைக்குட்டையால் இரண்டு முறை துடைப்பார். மண்ணில் உருளப்போகிற குண்டுக்கு எதற்குத் துடைப்பு என்று ஒருமுறை கேட்டேன். "மரியாதை மாப்ள" என்றார். மாலை நான்கு மணிக்குத் தொப்பியும் அரைக்கால் சட்டையுமாக குண்டு விளையாட மைதானத்துக்கு வந்துவிடுவார். அவரைப் போலவே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, பென்ஷன் வாங்கும் நாலைந்து கிழவர்களும் வருவார்கள். ஊரில் அவர்களுக்கு 'சொல்தா' என்று பெயர். இலக்காக எறிந்த சிறிய மரக்கட்டைக்கு அருகில் யாருடைய குண்டு நிற்கிறது என்று குனிந்து, அளவு நாடாவை நீட்டி, பிரெஞ்சிலும் தமிழிலும் சண்டை போடுவார்கள். அவர் வாயிலிருந்து நான் கேட்ட சண்டை அது ஒன்றுதான். வியட்நாமிலும் அல்ஜீரியாவிலும் இருந்தவர். அங்கே என்ன நடந்தது என்று கேட்டால், அரிசி எப்படி இருந்தது, ரொட்டி எத்தனை நாள் பழையது என்று சொல்வார். அதற்கு மேல் கேட்டால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிடுவார்.

நான் அப்போது வருவாய்த் துறையில் சான்றிதழ் பிரிவில் கண்காணிப்பாளர். இன்னார் இந்தியக் குடிமகன் என்று சான்றளிக்கும் தாள்கள் என் மேசையைத் தாண்டாமல் வெளியே போகாது. முப்பது வருடத்தில் எத்தனை பேரை இந்தியர்களாக்கினேன் என்பதற்குக் கணக்கில்லை. வீட்டிலும் நான்தான் அலுவலகம். ரேஷன் அட்டை, கேஸ் இணைப்பு, வாக்காளர் பட்டியல், காப்பீடு எதுவானாலும் படிவத்தை நான் பூர்த்தி செய்து, கையெழுத்து வேண்டிய இடத்தில் பென்சிலால் சிறிய பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பேன். மனைவியும் மகனும் குறி இருக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். எதற்கு என்று அவர்கள் கேட்டதில்லை. அது எனக்கு உள்ளூரப் பெருமையாகவே இருந்தது.

மகன் ராணுவத்தில் பொறியாளர் பிரிவில் சேர்ந்தபோது வீட்டில் எதிர்த்தவர் மாமனார் ஒருவர்தான். "நான் போனது சோத்துக்குடா. நீ எதுக்குப் போற?" என்றார். "புடிச்சிருக்கு தாத்தா" என்றான் அவன். அவன் கிளம்பிய நாளில், பாதத்துக்குப் போடும் பவுடர் டப்பா ஆறு வாங்கி வந்து பெட்டியில் வைத்தார்.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டுக் கோடையில் எல்லை நெடுகப் படைகள் குவிந்து நின்றன. மகன் ராஜஸ்தானில் எங்கோ மணலில் கண்ணிவெடி புதைத்துக்கொண்டிருந்தான். பத்து நாளைக்கு ஒருமுறை தொலைபேசியில் வருவான். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று நான் கேட்பதற்குள் அவனுக்கு அடுத்து நிற்பவர் குரல் கேட்கும். டிவியில் ஓய்வு பெற்ற அதிகாரிகள் குச்சியால் வரைபடத்தைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தொட்ட இடத்தில் என் மகன் இருக்கிறானா என்று நானும் மனைவியும் தனித்தனியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அலுவலகத்துக்கு எதிரே டீக்கடைக்காரர் என்னிடம் காசு வாங்க மறுத்தார். "சார் புள்ள பார்டர்ல நிக்குறாரு. இந்த தபா விடக்கூடாது சார். ஒரு கை பாத்துடணும்." நான் "பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். யாருடைய கை என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. ஒரு சாதாரண வருமானச் சான்றிதழுக்குக்கூட எதற்காக, யார் கேட்கிறார், எவ்வளவு காலத்துக்குச் செல்லும் என்று மூன்று கேள்விகள் உண்டு. இத்தனை லட்சம் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தும் கோப்பில் அந்த மூன்றுக்கும் யாராவது பதில் எழுதியிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். சந்தேகத்தை யாரிடமும் சொல்லவில்லை. போர் வீரனின் தகப்பன் சந்தேகப்படக் கூடாது என்று ஊர் முடிவு செய்திருந்தது. இலவச டீ அதற்கான முன்பணம்.

மே மாதக் கடைசியில்தான் பிரெஞ்சு அரசும் வேறு பல வெளிநாடுகளும் தங்கள் மக்களை இந்தியாவிலிருந்து கிளம்பிவிடச் சொல்லுகின்றன என்று செய்தி வந்தது. பாரிஸிலிருந்து மாமனாரின் தங்கை தினமும் கூப்பிட்டு அழுதார். பிரெஞ்சுக் குடிமகனான மாமனார் அசையவில்லை. "இங்க எனக்கு ஃபேன் ஓடுது, மீன் கிடைக்குது. அங்க வந்து இன்னா பண்ண?" என்று போனை வைத்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிரெஞ்சுக் குடிமக்கள் கிளம்பலாம் என்ற அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை.

அதற்குக் காரணம் எங்கள் வீட்டில் இருந்த ஒரு நடைமுறைக் கோளாறு. பிரெஞ்சுக்காரர்கள் அறுபத்திரண்டில் ஊரைச் சட்டப்படி இந்தியாவிடம் ஒப்படைத்தபோது, பிரெஞ்சுக் குடிமக்களாகவே தொடர விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாத அவகாசம் தந்தார்கள். என் அப்பா அந்த ஆறு மாதமும் வேறு வேலையாக இருந்தார். மாமனார் எழுதிக் கொடுத்தார். தகப்பன் எழுதிக் கொடுத்தால் வயது வராத பிள்ளைகளும் அதில் அடக்கம். அப்போது பத்து வயதாயிருந்த என் மனைவியும் அதில் சேர்ந்தாள். பிறகு எனக்குக் கழுத்தை நீட்டினாள். தாலி கட்டியதும் குடியுரிமையும் மாறிவிட்டது என்று இரண்டு குடும்பமும் நம்பியது. நானும் நம்பினேன். அப்படி மாறாது என்று விதிகளைப் படித்துத் தெரிந்துகொண்டபோது, அவள் மூன்று தேர்தலில் வாக்களித்து முடித்திருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஆக, என் மகனுக்குத் தாய் வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்க உரிமை இருந்தது. கேட்டு, பாஸ்போர்ட் வாங்குகிற நாளில் அவன் இந்தியனாக இருக்க முடியாது. இந்தியன் அல்லாத ஒருவனை எல்லையில் அதிகாரியாக நிறுத்திவைக்க எந்த விதியும் இடம் தராது. பாஸ்போர்ட் வர மாதக்கணக்கில் ஆகும்தான். ஆனால் விண்ணப்பித்த ரசீதைக் காட்டினாலே அவனை முன்வரிசையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். அவனுக்கு அவமானம் வரும். கையும் காலும் இருக்கும். இதை நான் வெட்கமில்லாமல் எழுதுகிறேன். அன்றும் வெட்கப்பட நேரமில்லை.

தேவையானது மாமனாரிடம் இருந்த குடும்பப் புத்தகம். பிறப்பு, திருமணம் எல்லாம் பதிந்த அதை அவர் 'லிவ்ரே' என்பார். மைதானத்துக்குப் போய், ஆட்டம் முடியும்வரை காத்திருந்து, வேப்பமரத்தடியில் வைத்துச் சொன்னேன். விதி எண்ணோடு சொன்னேன். அவர் குண்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கோபப்படுவார், பட்டாளத்துக்காரன் ரோஷம் பேசுவார் என்று அதற்கும் பதில் தயாரித்து வைத்திருந்தேன்.

"ரெண்டு மாசமா யோசிக்கினு இருக்கேன் மாப்ள" என்றார். "கவர்மெண்ட் ஆளு நீங்க. இத உங்ககிட்ட எப்பிடிக் கேக்கறதுன்னு தெரியல."

துடைத்து முடித்த குண்டை மறுபடியும் துடைத்தார்.

படிவங்கள் எல்லாம் பிரெஞ்சில் இருந்தன. மாமனார் வாசித்துச் சொல்ல, நான் நிரப்பினேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வாரம் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் திருடர்களைப் போல வேலை செய்தோம். எனக்கு அவ்வளவு சந்தோஷமான அலுவலகம் வேறு வாய்க்கவில்லை. எழுத்துப் பிழைக்கு அவர் என்னைத் திட்டினார், முத்திரை ஒட்டும் விதத்துக்கு நான் அவரைத் திட்டினேன். பயம் எங்கோ பக்கத்து அறையில் இருப்பது போல இருந்தது. முடித்து, பென்சில் குறி போட்டு, மனைவியிடம் "அப்பா பென்ஷன் விஷயம்" என்று கொடுத்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையைக் கழுவித் துடைத்து, தாள்களை உள்ளே எடுத்துப் போய், சற்று நேரம் கழித்துக் கையெழுத்தோடு கொண்டுவந்தாள். மகனுக்கும் அதே பொய்யை எழுதி, உறைக்குள் வைத்து அனுப்பினேன்.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. எல்லாக் குறியிலும் கையெழுத்து. அன்று மாலையே மாமனாருக்குச் சொல்லியனுப்பினேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பிரெஞ்சுத் தூதரக அலுவலகத்துக்குப் போனோம். அவர் கோட்டுப் போட்டு, மார்பில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். கோட்டு அவருக்கு இரண்டு சுற்றுப் பெரிதாகிவிட்டிருந்தது. டோக்கன் வாங்கி பெஞ்சில் உட்கார்ந்தோம். கவுண்டருக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தே பழகிய எனக்கு, இந்தப் பக்கம் எவ்வளவு புழுக்கம் என்று அன்றுதான் தெரிந்தது.

"புள்ள லெட்டர் எதுனா வெச்சிருந்தானா?" என்று மாமனார் கேட்டார்.

வைத்திருந்தான். அவரிடம் காட்டாமல் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கண்ணாடி கொண்டுவரவில்லை, படியுங்கள் என்றார். படித்தேன். 'நீங்கள் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிரெஞ்சு எனக்குப் புரியாது, பார்க்கவும் நேரமில்லை. தாத்தா விஷயமாகத் தாள் என்றதும் பயந்துவிட்டேன். அவர் உடம்புக்கு ஒன்றுமில்லையே? மறைக்காமல் எழுதுங்கள். வெயிலில் அவரை விளையாடப் போக விடாதீர்கள்.'

அவர் என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்துத் தெரிந்திருக்காது.

"நாப்பத்தெட்டு டிகிரியில குண்டு பொதச்சிக்கினு இருக்கான்" என்றார். "என்ன வெயில்ல போவாதன்றான்."

எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் பாதி எழுந்தேன். அவர் என் முழங்காலில் கையை வைத்தார்.

"குந்துங்க மாப்ள."

"நம்ம நம்பர் மாமா."

"தெரியுது. குந்துங்க. அவன் வரட்டும். நேரா கேட்டுட்டு செய்வோம்."

"வரலன்னா?"

அவர் கையை எடுக்கவில்லை. இரண்டாவது முறை கூப்பிட்டார்கள். பிறகு அடுத்த எண்ணுக்கு ஓர் இளம்பெண் குழந்தையோடு எழுந்து போனாள். நான் உட்கார்ந்ததற்குக் காரணம் தேசபக்தி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எண்பது வயதுக் கை அவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். வெளியே வந்து, கடற்கரையில் கொஞ்ச நேரம் நின்றோம். பதக்கங்களைக் கழற்றி ஒவ்வொன்றாகக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். வீட்டில் மனைவி வாசலில் நின்றிருந்தாள். "போன காரியம் ஆச்சா?" என்றாள். "இன்னும் டைம் இருக்கு" என்றேன். அவள் திரும்பி உள்ளே போனாள்.

அதன்பின் வந்த மாதங்களை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. தொலைபேசி பத்து நாளில் வரவேண்டியது பதினான்கு நாளானபோது, அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பியிருக்கிறேன். இரண்டு முறை. மாமனாரும் குண்டு விளையாடப் போவதை நிறுத்திவிட்டார். மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் படைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். போர் நடக்கவில்லை என்றார்கள். புதைத்ததைத் தோண்டி எடுக்கும்போது மகனின் பிரிவில் ஒருவருக்குக் கால் போயிற்று. அதை டிவியில் சொல்லவில்லை.

நான் ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. மாமனார் போய் இரண்டு வருடம். அவரை நினைத்தால் மைதானமோ பதக்கமோ எனக்கு முதலில் வருவதில்லை. படைகள் திரும்பிய பிறகு மகன் விடுப்பில் வந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடுதான் வருகிறது. மெலிந்து, கறுத்து, தட்டைப் பார்த்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் சொல்லமாட்டேன் என்று மாமனாருக்குத் தெரியும். அவரே சொன்னார்.

"டேய், நானும் ஒங்கப்பனும் ஒன்ன பிரெஞ்சுக்காரனா ஆக்கப் பாத்தோம். நீ போட்டியே கையெழுத்து, அது பென்ஷன் இல்ல."

மகன் என்னைப் பார்த்தான். நான் வழக்கம் போல விதிகளைச் சொன்னேன். ரசீது, முன்வரிசை, பின்வரிசை எல்லாவற்றையும். அவன் கடைசிவரை கேட்டான்.

"என்னக் கேக்கணும்னு தோணலியாப்பா?"

"தோணிச்சு. கேட்டா வேணாம்னு சொல்லுவ."

"சொல்லியிருப்பேன்" என்றான். பிறகு, தட்டைப் பார்த்தபடி, "ஜூன்ல கேட்டிருந்தா தெரியல" என்றான். மாமனார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று மகன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். தெரியாது என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினோம்.

மீன் வறுத்த சட்டியோடு அவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒம்பதாவது வரைக்கும் பிரெஞ்சுலதானே படிச்சேன்" என்றாள் தன் அப்பாவைப் பார்த்து. "நீதான சேத்துவிட்ட? மறந்துட்டியா?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஒவ்வொரு வரியும் படிச்சிட்டுதான் போட்டேன். குடுத்துட்டு வருவீங்கன்னுதான் அன்னிக்கு வாசல்லயே நின்னுக்கினு இருந்தேன்."