ஜன்னல் சீற் கேட்ட பெரியண்ணை

எங்கள் பெரியண்ணை வலன்ரைனைக் கோயிலில் எல்லாரும் ‘பொயின்ற்ஸ் வலன்ரைன்’ என்றுதான் சொல்வார்கள். மொன்ட்ரியாலில் யார் எங்கே பறப்பதென்றாலும் கர்க்லாண்ட் பக்கம் இருக்கும் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் தன் கிரெடிட் கார்ட்டில் ரிக்கற் போடுவார், நாங்கள் காசைக் கையில் கொடுப்போம், பொயின்ற்ஸ் முழுக்க அவருக்கு. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. எங்கள் கலியாணவீடு, செத்தவீடுகளின் புண்ணியத்தில் அவர் முன் வகுப்பில் காலை நீட்டிக்கொண்டு உலகம் சுற்றினார். பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் அதைப் பற்றி வகுப்பும் எடுப்பார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி அல்ல. என் சின்னண்ணை யோசெப்பின் மனைவி ஜெசிந்தாவைப் பற்றி. எனக்கு மச்சாள், என் வயதுக்காரி. மொன்ட்ரியால்-நோரில் ஒரு கார்டெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், நாள் முழுக்கச் சின்னப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, பிரெஞ்சில் பாட்டுப் பாடிப் பிழைக்கிறவள். அதிர்ந்து பேச மாட்டாள். மறக்கவும் மாட்டாள்.

ஒன்பது வருடத்துக்கு முன் மன்னாரில் அவளுடைய அம்மா செத்துப்போனார். பெரியண்ணைதான் ரிக்கற் போட்டார். இரண்டு கொம்பனி சேர்ந்து விற்கிற ரிக்கற் அது. பேர் ஒரு கொம்பனியுடையது, பறப்பது மற்றக் கொம்பனியின் பிளேன். சீற் நம்பர் இல்லையே என்று மச்சாள் கேட்டாள். “அது பேந்து, எயாப்போட்டிலை குடுப்பினம்” என்றார். இடையில் பிளேன் மாறுகிற ஊரில் இருக்கிற சீற்றைவிட ஆட்கள் கூடிவிட்டார்கள். அப்படியான நேரத்தில் சீற் நம்பர் இல்லாத ஆளைத்தான் முதலில் ஏற்றாமல் நிறுத்துவார்கள். மச்சாள் மன்னாருக்குப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து, சேமக்காலையில் மாலைகளும் வாடிவிட்டன.

அதற்கு மேல் பெரியண்ணை செய்ததுதான் கொடுமை. ஜெசிந்தா எயாப்போட் கடையில் சென்ற் மணந்து பார்த்துக்கொண்டு நின்று பிளேனை விட்டவள் என்று கதை கட்டிவிட்டார். தாயின் செத்தவீட்டுக்குப் போகிற வழியில் சென்ற் பார்த்தவள். சனத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? சின்னண்ணை தமையனுக்கு முன்னால் வாய் திறக்கிற ஆளில்லை. மச்சாள் எங்கேயாவது அந்தப் பேச்சை எடுத்தால் பெரியண்ணை பிளேட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன்தான். ஆனாலும் அந்தப் பிளேட்டைப் பறித்து அவர் தலையில் கவிழ்க்க எனக்குக் கை துடிக்கும்.

அதன் பிறகு மச்சாள் பிளேன் படிப்புப் படித்தாள். எந்த வகை ரிக்கற்றுக்கு மைல் பொயின்ற்ஸ் வரும், எதற்கு வராது, அதை எந்தக் கொம்பனியில் சேர்த்தால் நல்லது, எந்த வரிசைச் சீற் பின்னுக்குச் சாயாது என்று எல்லாம் அவளுக்கு மனப்பாடம். முக்கியமாக ஒன்றைக் கண்டுபிடித்தாள். இந்தக் கூட்டு ரிக்கற்றுக்கு இரண்டு நம்பர் உண்டு. விற்ற கொம்பனி தருவது ஒன்று, பறக்கிற கொம்பனியுடையது மற்றது. சீற் எடுக்க இந்த இரண்டாவது நம்பர்தான் வேண்டும். மெல்ல மெல்லச் சனம் ரிக்கற்றுக்கு அண்ணையிடமும் சீற்றுக்கு மச்சாளிடமும் போகத் தொடங்கியது.

இந்த வருடம் ஜேர்மனியில் எங்கள் அக்காவின் மகன் மதுஷனுக்குக் கலியாணம். பெரியண்ணி கலியாண வேலைக்கென்று முன்னமே அங்கே போய்விட்டா. எங்கள் எல்லாருக்கும் வழக்கம்போலப் பெரியண்ணைதான் ரிக்கற் போட்டார். அதுவும் கூட்டு ரிக்கற். தன்னுடைய பொயின்ற்ஸ் அந்தப் பிளேனில் முன் வகுப்புக்குச் செல்லாது என்பது கடைசியில்தான் அவருக்குத் தெரிய வந்தது. எனக்கு ரெலிபோன் எடுத்தார்.

“றீற்றா, எனக்கு நேரமில்லை. ஜெசியைக் கொண்டு எனக்கும் ஒரு ஜன்னல் சீற் போடுவி. நான் கேட்டதெண்டு சொல்லாதை.”

ஆனைக்கொரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும்தானே. நான் உடனே மச்சாளிடம் சொன்னேன்.

“ஜன்னலோ?” என்று சிரித்தாள். “நல்ல ஜன்னலாப் போடுறன்.”

பிளேனில் ஏறினால் பெரியண்ணைக்கு ஜன்னல், நடுவில் மச்சாள், நடைவழிப் பக்கம் நான். சின்னண்ணையைப் பின்வரிசைக்கு அனுப்பியிருந்தாள். ஒருவரும் விரும்பாத நடுச் சீற்றை அவள் தானாக எடுத்திருக்கிறாள் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. முன் சீற் சாய்ந்தபோது பெரியண்ணை சுவருக்கும் மச்சாளுக்கும் நடுவில் நன்றாக அடைபட்டுப் போனார். பிளேட்டோடு ஓட அங்கே அடுத்த மேசை இல்லை.

சாப்பாட்டுத் தட்டை எடுத்த பிறகு தொடங்கினாள். “அத்தான், அண்டைக்கு எனக்கு ஏன் சீற் போடேல்லை?”

அவர் ஹெட்ஃபோனைக் காதில் வைத்தார். கார்டெரிப் பிள்ளையிடம் விளையாட்டுச் சாமானை வாங்குகிற மாதிரி மச்சாள் அதைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் கண்ணை மூடினார். அவள் விடவில்லை. எயாப்போட் கதிரையில் படுத்தது, மன்னாரில் இருந்து தம்பி போனில் அம்மாவின் பெட்டி மூடுவதைக் காட்டினது, எல்லாவற்றையும் சொன்னாள். குரல் உயரவில்லை. சொல்லி முடிந்ததும் திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினாள்.

“உனக்கு இப்ப என்ன வேணும்?” என்றார் கடைசியில்.

“வேணுமெண்டு செய்தனீங்களோ?”

“இல்லை. ரெண்டாவது நம்பர் எண்டு ஒண்டு இருக்கெண்டே எனக்குத் தெரியாது. அதைச் சொன்னா சனம் சிரிக்கும். அதுதான் அப்பிடி ஒரு கதை சொல்லவேண்டி வந்தது.”

“இப்பத் தெரியுமோ?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். “இதை ஒருத்தருக்கும் சொல்லாதை, பிள்ளை.”

தன் கெட்டித்தனம் குறையக் கூடாதென்று ஒருத்தியின் பேரை ஒன்பது வருடம் நாறடித்திருக்கிறார். அவர் மன்னிப்புக் கேட்கவுமில்லை. மச்சாள் ஹெட்ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள்.

கலியாண மண்டபத்தில் பெரியண்ணை பழையபடி நிமிர்ந்துவிட்டார். மொன்ட்ரியால் சனமும் பொம்பிளை வீட்டாரும் இருந்த மேசையில் வகுப்பு நடந்தது. பொம்பிளையின் தகப்பனுக்குப் பேர் பற்றிக். அவர் தான் கனடா வர ரிக்கற் எடுத்திருப்பதாகவும் சீற் போட முடியவில்லை என்றும் சொன்னார். மச்சாள் எழும்பி வந்து பின்னால் நின்றாள்.

“போனை அத்தானிட்டைக் குடுங்கோ. ரெண்டாவது நம்பர் எங்கை கிடக்கெண்டு அவர் காட்டுவார்.”

பற்றிக் போனை நீட்டினார். பெரியண்ணை கண்ணாடியைப் போட்டார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். மேசை முழுக்க அவரையே பார்த்தது.

“அவருக்குத் தெரியாது,” என்றாள் மச்சாள். “தெரியாமல்தான் எனக்குச் சீற் இல்லாத ரிக்கற் போட்டவர். நான் ஒரு கடையிலையும் நிக்கேல்லை. என்ரை அம்மாவின்ரை முகத்தை நான் பாக்காமல் போனது இவராலை. பிளேனிலை தன்ரை வாயாலை சொன்னவர். றீற்றாவும் இருந்தவள்.”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பெரியண்ணையும் பார்த்தார். தங்கச்சி இல்லையென்று சொல்லுவாள், குறைந்தது அந்த நம்பர் இருக்கிற இடத்தையாவது விரலால் தொட்டுக் காட்டுவாள் என்று நினைத்திருப்பார். எனக்கு இடம் தெரியும். பிளேனால் இறங்க முன்னம் மச்சாள் காட்டித் தந்திருந்தாள்.

“ஓம், நானும் கேட்டனான்,” என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.