எட்டுக்குப் பயந்த வெளியீடு

எட்டு என்றால் எங்கள் முதலாளிக்கு ஆகாது. வண்டி எண்ணில் எட்டு வரக்கூடாது, கூட்டினாலும் வரக்கூடாது. அது அவர் பாடு. ஆனால் அந்தப் பயத்தை என் வேலையில் கொண்டுவந்து நுழைத்தாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பெரம்பலூரில் எங்களுடையது சின்ன கம்பெனி. மண்டிகளில் எடை பார்த்து பில் அடிக்கும் சாஃப்ட்வேர் செய்கிறோம். புதுப் பதிப்புக்கு எண் போட்டு, கையால் ஏற்றி அனுப்புவதில் ஆயிரம் குளறுபடி. அதனால் நான்தான் மெனக்கெட்டு அதைத் தானியங்கியாக்கினேன். என்ன மாற்றினோம் என்று நாங்கள் எழுதுவதைப் பார்த்து அதுவே எண் போடும், அதுவே வெளியிடும். சின்ன மாற்றமென்றால் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் கூடும். மண்டிக் கம்ப்யூட்டர்கள் தாமாகவே எடுத்துக்கொள்ளும். பழைய எடை மெஷினோடு ஒத்துப்போகாத பெரிய மாற்றமென்றால் புள்ளிக்கு முன்னால் உள்ள எண்ணே மாறும். நாங்கள் ஆள் அனுப்பிச் சரிசெய்கிறவரை எந்த மண்டியும் அதைத் தொடாது.

அப்படி ஒரு பெரிய மாற்றம் வந்தது. ஏழு முடிந்து எட்டு என்றது தானியங்கி. முதலாளி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சாப்பிடப் போன நேரம் பார்த்து அதை அடித்து 7.4 என்று போட்டு, நல்ல நேரம் முடிவதற்குள் அனுப்பியும்விட்டார்.

சின்ன மாற்றம்தான் என்று நம்பி எல்லா மண்டியும் வாங்கிக்கொண்டன. எடை மெஷின்கள் அப்படியே நின்றுபோயின. ஜெயங்கொண்டத்திலிருந்து என் தாய்மாமா போன் பண்ணினார்.

"மாப்ள, முந்திரிக்கொட்டையோட மண்டி வாசல்ல நிக்கிறேன். உங்க கம்ப்யூட்டரு மக்கர் பண்ணுதாம்ல? எடை போடாம மூட்டைய எறக்க மாட்டேங்குறாங்க. வானம் வேற கருத்துக்கிட்டு வருது."

"தார்ப்பாய் இல்லையா மாமா?"

"காலைல அடிச்ச வெயில்ல தார்ப்பாய எவன் கொண்டாருவான்?"

பழைய புரோகிராமையே 7.5 என்று அவசரமாக வெளியிட்டேன். மண்டிக் கம்ப்யூட்டர்கள் அதை எடுத்து முடிப்பதற்குள் மழை கொட்டிவிட்டது. நனைந்த கொட்டையை அடிமாட்டு விலைக்குக் கேட்டார்களாம். மாமா வேறு வழியில்லாமல் கொடுத்துவிட்டுப் போனார்.

முதலாளிக்குக் கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. எங்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தி, "பாத்தீங்களா? மெஷின நம்பி விட்டா இப்படித்தான். இனிமே நம்பர நானே போடுறேன்" என்றார். என்ன நெஞ்சழுத்தம்! அதோடு விட்டாரா? என்னைப் பார்த்து, "அடுத்தது நேரா ஒன்பதுன்னு போட்டுடு. எட்டு ஆகாதுப்பா" என்றார்.

"எட்டு உங்களுக்குத்தான் ஆகாதுங்க சார்," என்றேன். "எங்க மாமாவ நட்டாத்துல விட்டது நீங்க போட்ட ஏழு."