இராகு காலத்துச் செம்மான்

என் மனைவியின் தம்பி இளவயதில் வன்னிக் காட்டில் ஒரு மரையை, அந்தப் பெரிய காட்டு மானை, சுட்டவர். இதை நம்பியவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் அவர். மற்றவர் அவருடைய மனைவி, அதுவும் கலியாணமான புதிதில்.

என் மனைவியின் கட்சி வேறு. "சுட்டது அவனோட போன ஆக்கள். இவன் சோத்துப் பானை காவிக்கொண்டு போனவன். மரையைக் கண்டவுடன பாலை மரத்தில ஏறினவன்" என்பாள். நீ கண்டாயா என்று கேட்டால், "என்ர தம்பியை எனக்குத் தெரியாதோ" என்பதுதான் அவளுடைய சாட்சியம். மொன்றியலில் எந்தக் கலியாண வீட்டிலும் சாப்பாட்டுப் பந்தி தொடங்கும் வேளையில் இந்த வழக்கு விசாரணைக்கு வந்துவிடும். மைத்துனர் துவக்குப் பிடித்துக் காட்டுவார். அக்கா மரம் ஏறிக் காட்டுவாள். சனங்களுக்கு மரம் ஏறுவதுதான் பிடித்திருந்தது.

நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆதாரம் போதாது. கொழும்பில் ஓர் அரசாங்கத் திணைக்களத்திலும், பிறகு கனடா வந்து மொன்றியலின் சென்ட் லோரன்ட்டில் இறக்குமதிச் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கும் கந்தோரிலும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் காகிதம் எந்த யன்னலுக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர வாழ்க்கையில் நான் ஆழமாகக் கற்றது எதுவுமில்லை. அதனாலோ என்னவோ, இரண்டு கட்சிகளும் என்னை நம்பின.

மைத்துனருக்கு அறுபது வயதானபோது அவருடைய பிள்ளைகள் ஒரு பரிசு கொடுத்தார்கள். மற்றவர்கள் மாலை மாற்றிக்கொள்கிற வயதில் இவருக்கு ஒரு நாள் வேட்டை. நகரத்துக்கு வடக்கே, வேலியடைத்த ஒரு பெரிய காட்டில், வழிகாட்டியின் துணையோடு ஒரு செம்மானைச் சுடலாம். தலையைப் பாடம்பண்ணிச் சுவரில் மாட்டலாம். ஒரு நாள், ஒரு மான். கிடைக்காவிட்டால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள்.

"சாட்சிக்கு அத்தான் வரட்டும்" என்றார் மைத்துனர். "அவர் சொன்னா அக்கா மறுக்கேலாது."

"வெறுங்கையோட வந்தா?" என்று கேட்டாள் என் மனைவி.

"வந்தா இனி மரைக் கதையை நான் வாயில எடுக்கமாட்டன்."

"எழுதித் தா" என்றாள். அந்த அளவுக்கு அவள் மகிழ்ந்துபோயிருந்தாள்.

முதலில் துவக்கு அனுமதி. மைத்துனர் பாடநெறிக்குப் போய்ச் சித்தியடைந்தார். விண்ணப்பத்தை நான் நிரப்பினேன். அதில் மனைவி கையொப்பமிட ஓர் இடம் இருந்தது. இந்த நாட்டின் சட்டங்களை வரைந்தவர்களில் ஒருவராவது குடும்பஸ்தர் என்று அன்று தெரிந்துகொண்டேன். மைத்துனரின் மனைவி பேனையைக் கையில் வைத்துக்கொண்டு நிபந்தனைகளைச் சொன்னார். வெள்ளிக்கிழமை போகக் கூடாது. செத்த தலை இல்-பிசாரில் இருக்கும் அவர்களுடைய வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது. இராகு காலத்தில் துவக்கைத் தொடக் கூடாது.

"அண்ணை, நீங்கள்தான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுக் கையொப்பமிட்டார்.

மைத்துனர் மறுபேச்சுப் பேசவில்லை. ஒருமுறை மனைவியின் சொல்லைக் கேளாமல் இராகு காலத்தில் டெப்பனர் என்று இங்கே சொல்லும் சில்லறைக் கடையைத் திறந்து, முதற்கிழமையே கூரை ஒழுகி, பால்மாவும் சிகரெட்டும் ஒன்றாக மிதந்ததைக் கண்டவர். அதற்குப் பிறகு இராகுவோடு அவர் சமாதானமாகவே இருந்தார்.

வழிகாட்டி கொடுத்த நாள் ஒக்ரோபர் மாதக் கடைசி ஞாயிறு. விடியப்புறம் புறப்பட்டோம். மைத்துனரின் நெற்றியில் திருநீறும் சந்தனமும் இருந்தன. மடியில் பொரித்த ரோல்ஸ் நிறைந்த ஒரு பெட்டி. அங்கே போனதும் வழிகாட்டி இருவருக்கும் செம்மஞ்சள் மேலங்கி தந்தார். வேட்டையாடுகிறவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளாமலிருக்க அப்படி ஒரு விதி. காவி உடுத்துக்கொண்டு கொலைக்குப் போனோம்.

வழிகாட்டி தாடி வைத்த, பெரிய உடம்புக்காரர். பிரெஞ்சு மட்டுமே பேசினார், அதையும் அரைவாசி மூக்கால் பேசினார். மைத்துனருக்கு டெப்பனர் கடைக்கு வேண்டிய பிரெஞ்சு மட்டும் தெரியும், அதை வைத்துக்கொண்டு மானுக்கு லொத்தர்ச் சீட்டு விற்கலாம். ஆகவே மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது.

போகிற வழியில் வழிகாட்டி காட்டைச் சுற்றிக் காட்டினார். செம்மான்கள் ஐரோப்பாவிலிருந்து வந்த பரம்பரை. ஒவ்வொன்றின் காதிலும் இலக்கமிட்ட ஒரு வில்லை. ஓரிடத்தில் கற்களைக் குவித்து ஒரு சிறு குன்று செய்திருந்தார்கள். அதன் உச்சியில், சுருண்ட கொம்புள்ள மலையாடு ஒன்று நின்று எங்களைக் கீழ்க்கண்ணால் பார்த்தது. அதுவும் இறக்குமதிதானாம். மலையாடு மலையில்லாத ஊருக்கு வந்ததால் மலையையும் தருவித்துக் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு மொன்றியலில் கோவில் கட்ட எத்தனை வருடம் எடுத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"இதுகளும் எங்கட ஆக்கள்தான் அத்தான்" என்றார் மைத்துனர். "வெளியில இருந்து வந்து, நம்பர் எடுத்து, குளிருக்க நிக்குதுகள்."

"எங்களை ஒருத்தரும் சுடேல்லை" என்றேன்.

"வரி எடுக்கிறாங்கள்தானே."

ஒரு மேப்பிள் மரத்தோடு சேர்த்துப் பலகையால் பரண் கட்டியிருந்தார்கள். ஏணி நேர் செங்குத்து. என் முழங்கால்கள் ஒவ்வொரு படியிலும் தனித்தனியாக ஆட்சேபம் தெரிவித்தன. மேலே மூவரும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்ததும், வழிகாட்டி மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, இது என்ன வாசனை என்றார். சந்தனம் என்றேன். இந்த வாசனை ஒன்ராறியோ வரை போகும் என்றார். பிறகு விரலை உதட்டில் வைத்தார். இனிப் பேச்சில்லை.

அன்று நான் கண்ட முதல் அதிசயம் அதுதான். மைத்துனர் பேசவில்லை. கோவிலில் ஐயர் மந்திரம் சொல்லும்போதும் இடையில் வீட்டு விலை பேசுகிறவர், காலை முழுவதும் துவக்கை மடியில் கிடத்தி, காட்டின் ஓரத்தைப் பார்த்தபடி இருந்தார். இரண்டு பெண் மான்கள் வந்து போயின. கொம்பு இன்னும் சரியாக வளராத ஓர் ஆண் மான் வந்தது. வழிகாட்டி தலையை ஆட்டி, வேண்டாமென்றார். மத்தியானம் ரோல்ஸ் பெட்டி திறந்தது. வழிகாட்டி முதலாவதை ஐயத்தோடும் நாலாவதைப் பக்தியோடும் சாப்பிட்டார்.

பொழுது சாயத் தொடங்கியது. அன்று அதிகாலைதான் நாட்டிலுள்ள கடிகாரங்களையெல்லாம் ஒரு மணி பின்னுக்குத் திருப்பியிருந்தார்கள். ஆகவே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். மைத்துனரும் பார்க்கத் தொடங்கினார். இருவரும் ஒரே காரணத்துக்காகப் பார்க்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

சரியாக நாலரை மணிக்கு அது வந்தது. கொம்பை உயர்த்திக்கொண்டு, தன் சொந்தக் காணிக்குள் நடக்கிறவனைப்போல வெளியே வந்து, காட்டு அப்பிள் மரத்தின் கீழ் நின்று விழுந்த பழங்களைத் தின்னத் தொடங்கியது. வழிகாட்டி மைத்துனரின் தோளைத் தொட்டு, இதுதான், சுடுங்கள் என்று மூச்சால் சொன்னார்.

மைத்துனர் துவக்கை மெல்லச் சுவரோடு சாத்தி வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடிக்குள் வைத்துக்கொண்டார்.

"என்ன?" என்றேன்.

"ராகு காலம்."

"என்ன சொல்கிறார்?" என்று வழிகாட்டி கேட்டார்.

முப்பது வருட உத்தியோகத்தில் எத்தனையோ வில்லங்கமான சரக்குகளுக்கு விளக்கம் எழுதியிருக்கிறேன். இராகுவைப் பிரெஞ்சில் விளக்கியது கிடையாது. வானத்தில் ஒரு பாம்பு உண்டு, சூரியனை விழுங்கும், ஒவ்வொரு நாளும் அதற்கென்று ஒரு நேரம் உண்டு, அந்த நேரத்தில் நாங்கள் எதுவும் தொடங்க மாட்டோம் என்று காதுக்குள் சொன்னேன்.

"அந்தப் பாம்பிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா?" என்றார் வழிகாட்டி.

"எப்ப முடியும் எண்டு கேக்கிறார்" என்று மைத்துனருக்கு மாற்றிச் சொன்னேன்.

"ஞாயிற்றுக்கிழமை நாலரையில இருந்து ஆறு. குசினிக் கலண்டரில கிடக்கு."

ஆறு மணிக்கு அங்கே தன் கையையே ஒருவரால் பார்க்க முடியாது. சூரியன் மறைந்து அரை மணிக்குப் பிறகு ஒரு வெடியும் வைக்கக் கூடாது என்பது அந்த இடத்து விதி. வழிகாட்டி அதை எனக்கு இரண்டு முறை சொன்னார். மான் அடுத்த அப்பிளுக்குப் போனது. மைத்துனரின் முகத்தைப் பார்த்தேன். மரையும் போய், மானும் போய், இனி வாழ்நாள் முழுக்க அக்கா மரம் ஏறிக் காட்டப்போகும் கலியாண வீடுகள் எல்லாம் அந்த முகத்தில் தெரிந்தன. ஆனாலும் கை மடியை விட்டு அசையவில்லை. சொன்ன சொல் சொன்ன சொல்தான்.

எனக்கு இராகுவில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒரு விதியைப் பிழையாகப் பிரயோகிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஒருபோதும் முடிந்ததில்லை.

"நாலரை ஆறு எண்டது ஆறு மணிக்கு உதிச்சு ஆறு மணிக்கு மறையிற சூரியனுக்கு" என்றேன். "பகலை எட்டாப் பிரிச்சு, ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பங்குதான் ராகு காலம். அதுதான் சட்டம். கலண்டர் வெறும் சுருக்கம். பகல் முடிஞ்சா ராகுவும் முடிஞ்சுது."

"அப்ப இஞ்சை?"

"சூரியன் மறையிற மட்டும்."

"நிச்சயமோ அத்தான்?"

"நீர் என்னட்டை ஒரு விதியைக் கேட்டு நான் பிழையாச் சொன்னது உண்டோ?"

அவர் யோசித்தார். "இல்லை. கேக்காமலும் சொல்லியிருக்கிறியள்."

இந்தக் கணக்கின்படி இராகு காலம் நாலரைக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டிருந்தது என்பதை நான் சொல்லவில்லை. மான் கொஞ்சம் முந்தி வந்திருந்தால், அவர் நிம்மதியாக நட்ட நடு இராகுவில் சுட்டிருப்பார். தேவைக்கு மேல் ஆவணம் கொடுப்பது எந்த யன்னலிலும் நல்லதல்ல.

மூவரும் மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வழிகாட்டிக்கும் இப்போது விளங்கிவிட்டது. பாம்பு விழுங்கி முடிக்கும்வரை அவரும் பொறுமையாக இருந்தார். மான் கடைசிப் பழத்தையும் மென்றுவிட்டுத் தலையைத் தூக்கியது. மரங்களுக்குப் பின்னால் சிவப்பு விளிம்பு இறங்கி மறைந்தது. மான் காட்டை நோக்கித் திரும்பி நடந்தது.

"போகுது" என்றேன்.

மைத்துனர் திருநீற்றை ஒரு சிட்டிகை நெற்றியிலிருந்து எடுத்துக் காற்றில் விட்டு, அது எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்தார். துவக்கைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தார். நாக்கால் ஒரு சொடுக்குப் போட்டார். காட்டு விளிம்பில் மான் நின்று, பக்கவாட்டாகத் திரும்பிப் பார்த்தது. ஒரு வெடி.

அது விழுந்தது. எழும்பவில்லை.

நான் இறங்கப் போனேன். வழிகாட்டி தடுக்குமுன் மைத்துனர் என் கையைப் பிடித்தார். "பொறுங்கோ. உடன போகக்கூடாது." சிறிது நேரம் கழித்துத்தான் இறங்கவிட்டார். மானின் பின்பக்கத்தால் போய், ஒரு குச்சியை முறித்து, அதன் கண்ணை மெல்லத் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் துவக்கைக் கீழே வைத்தார். பாடநெறிப் புத்தகத்தை நானும் படித்திருந்தேன். அதில் குச்சி உண்டு. திருநீறும் நாக்குச் சொடுக்கும் இல்லை.

"எங்கே பழகினார்?" என்று வழிகாட்டி கேட்டார்.

"வன்னியில எண்டு சொல்லுங்கோ" என்றார் மைத்துனர், நான் மொழிபெயர்க்கும் முன்பே. வழிகாட்டி மிச்சமிருந்த ஒரு ரோல்ஸை அவருக்கே கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி என்னைக் குசினியில் நிறுத்தி விசாரித்தாள்.

"சுட்டவனோ?"

"ஓம். ஒரே வெடி."

"வேலிக்குள்ள நிண்டதைத்தானே."

"அந்த வேலியின்ர மற்ற முனையை நான் காணேல்லை."

கத்தரிக்காயை வெட்டிக்கொண்டே அடுத்த கேள்வியைப் போட்டாள். "கண்டவுடன மரத்தில ஏறேல்லையோ?"

"காணமுதலே ஏறினவர். நானும் ஏறினன். வேட்டைக்காரன் மரத்தில ஏறித்தானப்பா இருக்கவேணும். அதுக்கெண்டு ஏணி வைச்சிருக்கு."

கத்தி நின்றது. முப்பது வருடமாக எதிர்த்தரப்பின் பிரதான சாட்சியாக இருந்த பாலை மரம் சத்தமில்லாமல் கட்சி மாறியதை அவளும் உணர்ந்துகொண்டாள். ஆனாலும் இலேசில் விடவில்லை.

"மேலை இருந்து என்ன செய்தவன்?"

"ஒண்டும் செய்யேல்லை. காலமை தொடக்கம் வாய் திறக்காமல் இருந்தவர்."

"ஆர், தம்பியோ?"

"ஓம்."

"வாய் திறக்காமலோ?"

"ராகு காலம் வரைக்கும்."

அவள் மிச்சக் கத்தரிக்காயை ஒரே மூச்சில் வெட்டி முடித்தாள். "அப்ப சுட்டிருப்பான்" என்றாள்.

எந்த ஊர் மிருகத்தைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த இலையுதிர்காலத்தில் வழிகாட்டி தொலைபேசியில் அழைத்தார். சனிக்கிழமை ஒரு கோஷ்டி வருகிறது, அன்றைக்குப் பாம்பு எத்தனை மணிக்கு என்று கேட்டார். பகலை எட்டாகப் பிரித்து, சனிக்கு மூன்றாவது பங்கை எடுக்கச் சொல்லிக் கொடுத்தேன். பாடம்பண்ணிய தலையும் அந்த நாட்களில்தான் வந்து சேர்ந்தது. இல்-பிசார் வாசற்படி பற்றிய நிபந்தனை இன்னும் அமுலில் இருந்ததால், அதை எங்கள் வீட்டு நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்கு மேலே மாட்டினோம். மைத்துனர் ஞாயிறு தோறும் வந்து அதன் கொம்பைத் துடைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போவார்.

வீட்டுக்கு வருகிறவர்களைக் கீழே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது என் மனைவியின் பொறுப்பு. அதை வேறு யாருக்கும் அவள் விடுவதில்லை. கொம்பில் காயும் காலுறைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மின்விளக்கைப் போட்டுச் சொல்வாள்:

"என்ர தம்பி சுட்டது. வன்னியிலயும் ஒரு மரை சுட்டவன், சின்ன வயசில. பாலை மரத்தில ஏறி இருந்து."