ஒண்ணாம் வகுப்புக்கு ஒரு சீட்

சனிக்கிழமை மாலைதான் எங்கள் வகுப்பு. கைப்பேசியைச் சத்துமாவு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு உட்காருவேன். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள் வரும். ஒடிசாவில் மலை மேல் பள்ளி நடத்துகிறவர் ஒருவர், ராஜஸ்தானில் ஒருவர், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நான். கிராமப்புறக் கல்வித் தலைமை என்பது நாங்கள் செய்துகொண்டிருந்த முனைவர் பட்டத்தின் பெயர். முழுக்க ஆன்லைன்.

தலைமை என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். மன்னார்குடியை ஒட்டிய ஒரு கிராமத்தில் தொடக்கப் பள்ளிக்கு நான் பொறுப்புத் தலைமையாசிரியை. என்னைத் தவிர இன்னொரு டீச்சர், அவ்வளவுதான். ஒன்று முதல் மூன்று வரை அவருக்கு, நான்கும் ஐந்தும் எனக்கு. அவர் லீவு போட்டால் எல்லாப் பிள்ளைகளும் எனக்கு. பள்ளியை நன்றாக நடத்தத்தான் இந்தப் படிப்பில் சேர்ந்தேனா, இங்கிருந்து போய்விடத்தான் சேர்ந்தேனா என்று பல முறை யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு பதில் வந்தது.

ஊர்ப் பள்ளி இருக்கும்போது பெற்றோர் ஏன் பிள்ளைகளை வேனில் ஏற்றி டவுனுக்கு அனுப்புகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. போகாத வீடில்லை. கேட்ட எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "நம்ம ஸ்கூலுக்கு என்னங்க குறை, நல்லாத்தான் நடத்துறீங்க." வழிகாட்டிப் பேராசிரியை அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "டீச்சருக்கு யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். இந்த முறை அவர்கள் உங்களைக் கேள்வி கேட்கட்டும். நீங்கள் பதில் சொல்லலாம், வாதாடக் கூடாது. போகும்போது அதிகாரியாகப் போகாதீர்கள்."

கோடை விடுமுறையின் அந்த வாரத்தில்தான் என் வீட்டிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. மகளுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. எங்கள் தெரு நர்சரி யு.கே.ஜி.யோடு சரி. மன்னார்குடியில் ஓர் ஆங்கில வழிப் பள்ளியில் ஒண்ணாம் வகுப்புக்கு சீட் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் சேர்க்காவிட்டால் வேறு யாருக்காவது போய்விடும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கணவர் தினமும் போனில் அதையேதான் கேட்டார். நானோ பகலெல்லாம் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, "உங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேருங்கள்" என்று தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை, வாய்க்கால் தூர் வாரும் நூறு நாள் வேலைக்குப் போயிருந்த பெண்களைப் பார்க்கக் கிளம்பினேன். அதிகாரியாகத் தெரியக் கூடாதே என்று வெளுத்துப்போன பழைய வாயில் புடவையைக் கட்டிக்கொண்டு, வாட்சைக்கூடக் கழற்றி வைத்துவிட்டேன். வேப்பமரத்தடியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். மூத்தவர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"என்னங்க டீச்சர், துக்கம் விசாரிச்சுட்டு வர்றீங்களா?"

"இல்லைங்க, உங்களப் பாக்கத்தான் வந்தேன். உக்காருங்க. இன்னைக்கு நான் கேக்க மாட்டேன், நீங்க கேளுங்க."

"நாங்க என்னத்தக் கேக்குறது? அப்ப ஏழாம் வாய்ப்பாடு சொல்லுங்க பாப்போம்."

நானும் நிஜமாகவே ஆரம்பித்துவிட்டேன். ஏழெட்டு வருவதற்குள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "டீச்சரு பாஸு" என்று ஒருவர் தூக்குச்சட்டி மூடியில் தாளம் தட்டினார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

கேள்விகளும் வந்தன. கக்கூஸ் ஏன் பூட்டியே கிடக்கிறது? இந்தப் படிப்பு முடிந்ததும் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவீர்களா? முடிந்த மட்டும் பதில் சொன்னேன். கடைசியாக, மகன் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்து முடித்திருந்த ஓர் அம்மா கேட்டார்.

"எங்க சின்னதுக்கும் உங்க பாப்பாவுக்கும் ஒரே வயசுதான். நீங்க எங்க சேக்கப் போறீங்க?"

"இன்னும் முடிவு பண்ணலைங்க."

"மன்னார்குடியில சீட்டு வாங்கிட்டீங்கன்னு வேன் டிரைவரு சொன்னாரே?"

மூத்தவர்தான் பேசினார். "அனுப்பட்டும்டி. டீச்சர் பிள்ள இங்க வந்தா டீச்சர் அதையேதான் பாத்துக்கிட்டு இருக்கும். நம்ம பிள்ளைங்கள யாரு பாக்குறது?"

"அப்ப நம்மள மட்டும் எதுக்கு மைக்குப் போட்டுக் கூப்புடுது?" என்றார் அந்த அம்மா.

மறுபடியும் சிரிப்பு. வாதாடக் கூடாது என்பது விதி.

சாயங்காலம் கணவர் போன் செய்தபோது, "நம்ம ஸ்கூல்லயே சேத்துடலாமாங்க?" என்றேன்.

"என்ன திடீர்னு?"

"ஊர்ல எல்லாரும் கேக்குறாங்க."

அவர் சொன்னார்: "உன் ஆராய்ச்சிக்கு சாம்பிளா எம் பொண்ணுதான் கிடைச்சாளா?"

கோபத்தில் போனை வைத்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னது என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. மகள் என் மடியில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சத்தமாகப் பாடினாள். அவளை என் பள்ளியில் சேர்த்தால், அதை ஆய்வின் முதல் அத்தியாயத்தில் எழுதுவேன். எழுதாமல் இருக்க மாட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அப்படியானால் அவளை யாருக்காகச் சேர்க்கிறேன்? சேர்க்காவிட்டால் மைக்கைப் பிடித்து யாரை அழைக்கிறேன்?

திங்கட்கிழமை அவளை மன்னார்குடியில் சேர்த்தேன். என் பள்ளியைப் பற்றித் தெரியாததால் அல்ல, தெரிந்ததால். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள் 'அ' எழுதிக்கொண்டிருக்கும்போது அதே டீச்சர் மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். அந்த வரிசையில் என் மகளை உட்கார வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. இதைச் சனிக்கிழமை வகுப்பில் சொன்னபோது பேராசிரியை என்னைக் குறை சொல்லவில்லை. "இதை அந்தப் பெண்களிடம் சொன்னீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூனில் பள்ளி திறந்த பிறகு, பிள்ளை சேர்க்க வீடு வீடாகக் கிளம்பியபோது, வேப்பமரத்தடியில் என்னைக் கேட்ட அந்த அம்மா வீட்டுக்கு முதலில் போனேன். வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தார்.

"என் பொண்ண மன்னார்குடியிலதாங்க சேத்திருக்கேன். அத நானே வந்து சொல்லணும்னு தோணுச்சு."

"ஊருக்கே தெரியும்" என்றார், தலையைத் தூக்காமல். "எதனாலன்னு சொல்லுங்க. அதுதான் தெரியல."

"ஒண்ணாங்கிளாசுக்குன்னு தனியா டீச்சர் இல்லைங்க."

"எனக்கும் அதான். சின்னது இன்னும் எங்கயும் சேராம வீட்லதான் கெடக்கு." சட்டித் தண்ணீரை வாழைக்கு ஊற்றினார். "இன்னொரு டீச்சர் போட மாட்டாங்களா?"

"பிள்ளைங்க கூடுனாத்தான் போடுவாங்க."

"டீச்சர் போட்டாத்தான நாங்க சேப்போம்?"

ஆறு மாத ஆய்வில் எனக்குக் கிடைக்காத பதில் இந்த இரண்டு வரியில் இருந்தது. ஆனால் எனக்கு அதில் சந்தோஷம் இல்லை.

"அப்ப மொதல்ல யாராவது சேக்கணும்ல?" என்றார் அந்த அம்மா. குத்திக்காட்டுகிற குரலில் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

அவர் அடுத்த மீனை எடுத்தார். சின்னதைச் சேர்ப்பதாகவோ சேர்க்கவில்லை என்றோ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த 'யாராவது' நானாக இருந்திருக்கலாம் என்று நினைத்தபடி, அடுத்த வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.